குறிகட்டுவானுக்கு ஒரு நேரப்பலகை கேட்டு: யாழ்ப்பாணத்துச் சுற்றுலாவைக் கவனிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

இதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். கோட்டை ஒருவரின் பொறுப்பு, தீவுகளுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவான் இறங்குதுறை இன்னொருவரின் பொறுப்பு, வீதி வேறொருவருடையது, வீதியோரத்துக் கக்கூஸைப் பற்றிக் கேட்டால் அது ஒருவருடையதும் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று கூட்டம் போடுகிற, திட்டம் வரைகிற, நாடா வெட்டுகிற எல்லோருமே இதைத் தங்களுக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவரையும் பெயர் சொல்லிக் குறை பிடிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

விசயம் இதுதான். சுற்றுலாப் பயணி என்றதும் உங்கள் கண்ணுக்குள் வருகிற ஆட்கள் இரண்டு வகை. முதுகில் பெரிய பையோடு தனியாகத் திரியும் வெள்ளைக்காரர் ஒரு வகை. தெற்கிலிருந்து பஸ் பிடித்து, சமைக்கிற சட்டி பானையும் ஏற்றிக்கொண்டு நயினாதீவு விகாரைக்கு வருகிற கூட்டம் மற்ற வகை. வரட்டும், நல்லது, அவர்களால் கடைக்காரர் நாலு பேர் சீவிக்கிறார்கள். ஆனால் ஆடியிலும் ஆவணியிலும் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு விறாந்தையில் சூட்கேஸைத் திறந்து போட்டுக்கொண்டு, சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை விலை கேட்காமல் வாங்கிக்கொண்டு, ஓட்டோக்காரர் சொன்ன காசைக் கொடுத்துக்கொண்டு திரிகிறவர் எங்கள் சொந்தக்காரர். ரொறன்ரோவில் இருந்து சின்னம்மா, லண்டனில் இருந்து மச்சான், பாரிஸில் இருந்து பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள். அங்கே கோடை லீவு விடுகிற காலமும் இங்கே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறுகிற காலமும் ஒன்றாக விழுவதால் வருடா வருடம் இது நடக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிற வேலை எங்களுடையது. மற்ற நாட்களில் வேலைக்கும் சந்தைக்கும் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்குமாக ஒரே நாலு வீதியில் போய்வருகிற நாங்கள், அந்தக் காலத்தில் மட்டும் தொப்பியும் தண்ணிப் போத்தலுமாகச் சொந்த ஊரிலேயே உல்லாசப் பயணிகளாகி விடுகிறோம்.

இந்தமுறை எங்கள் வீட்டுக்கு வந்தது சின்னம்மாவும் அவரின் பேத்தியும். சின்னம்மா தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்கு முன்னரே போனவர். இப்போது முழங்கால் நோ, சீனி வருத்தம், ஆனால் ஞாபகம் கத்திமுனை. பேத்தி அங்கே பிறந்தது. தமிழ் நல்லாய்க் கதைக்கும், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும், ஆனால் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் எனக்கே பதில் தெரியாத கேள்வி. இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் கண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர வழியில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த வருடம் காங்கேசன்துறை வரைக்கும் போனது. பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டாயிற்று, இடையிடையே நின்றாலும். எல்லாவற்றுக்கும் மாலையும் படமும் பேச்சும் நடந்தது. சரி. யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய ஒரு ஆள் அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் இன்னொரு மூலைக்கு எப்படிப் போவது? அதற்குத்தான் ஒருவரிடமும் பதில் இல்லை.

நெடுந்தீவுக்குப் போக வேண்டும் என்பது பேத்தியின் ஆசை. குதிரை பார்க்க வேண்டுமாம். நெடுந்தீவில் காட்டுக்குதிரை நிற்கிறது, பெருக்கமரம் நிற்கிறது, வீட்டு வேலியெல்லாம் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியது, பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது என்று நானும் ஆசையைக் கூட்டிவிட்டேன். விடிய வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வழி இருக்கிறதே, அதற்கு உங்கள் விளம்பரம் ஒன்றும் வேண்டாம். கரைச்சலெல்லாம் இறங்குதுறையில்தான் தொடங்கியது.

"நெடுந்தீவுக்கு எத்தினை மணிக்குப் படகு?" தேத்தண்ணிக் கடையில் ஒரு நேரம் சொன்னார்கள். ஓட்டோக்காரர் அது முதலே போயிற்று என்றார். கயிற்றுச் சுருளில் இருந்து பீடி பத்திக்கொண்டிருந்த ஐயா, "இண்டைக்கு ஓடுமோ தெரியாது, காத்து" என்று கடலைக் காட்டினார். சோளகம் அடிக்கிற காலம், அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். அறிவித்தல் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று பேத்தி தேடிப் போய், ஒரு தனியார் வகுப்பின் விளம்பரத்தையும் ஒரு மரண அறிவித்தலையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு வந்தாள்.

எங்களுக்குப் பக்கத்தில் நெடுந்தீவு அம்மா ஒருவர் நின்றார். கையில் சொப்பிங் பை, அதற்குள் கிளினிக் கொப்பியும் மருந்துப் பைக்கற்றுகளும். முதல்நாள் யாழ்ப்பாணம் வந்து, படகு தவறி, சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டுப் போகிறாராம். "நாங்கள் ஆருக்கும் போன் அடிச்சுக் கேட்டுத்தான் பிள்ளை வெளிக்கிடுறனாங்கள். அப்பிடியும் சிலநேரம் விடுபடும்" என்றார். வார இறுதியில் எங்களைப் போன்றவர்கள் குதிரை பார்க்க வந்து படகை நிரப்பினால், மருந்து எடுக்க வந்தவர் கரையில் நிற்க வேண்டியதுதான் என்பதையும் கோபமில்லாமல் சொன்னார். நான் இந்த மடலை எழுதத் தொடங்கியது அந்த அம்மாவின் கதையைக் கேட்ட பிறகுதான். அந்தத் துறையில் ஒரு நேரப்பலகை வைத்தால் குதிரை பார்க்கப் போகிறவருக்கு வசதி. அந்த அம்மாவுக்கு அது சீவியம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டுப்பட்டுச் செத்த சனம் போய்வந்த கடல்வழியும் இதுதான். அந்தச் சனத்தின் ஊருக்கு இன்றைக்கும் ஒழுங்கான ஒரு நேரம் எழுதி வைக்க எங்களால் முடியவில்லை.

கடைசியில் நயினாதீவுக்குப் போனோம். அதற்குப் படகு வந்துகொண்டே இருக்கும், கால்மணித்தியால ஓட்டம். ஏறுகிற இடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அலைக்கு ஏற்ப அது அகலுவதும் ஒடுங்குவதுமாக இருக்கும். சின்னம்மா விளிம்பில் நின்று கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு "நாகம்மா" என்று சொல்லிக் கண்ணை மூடினார். இரண்டு பொடியன்கள் இரண்டு கையைப் பிடித்துத் தூக்கி இறக்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் பொடியன்களின் நல்ல மனத்தை நம்பித்தானா முழங்கால் நோவுக்காரர் படகு ஏறுவது? பிடித்து இறங்க ஒரு கைபிடி, நாலு படி, அவ்வளவுதான் கேட்கிறேன். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு அமுதசுரபி மண்டபத்தில் இருந்து சோறு சாப்பிட்டபோது சின்னம்மாவுக்கு எல்லாக் களைப்பும் போய்விட்டது. யார் எவர் என்று கேட்காமல் வந்த சனத்துக்கெல்லாம் இலை போடுகிற இடம் அது. இதைப் பிறகு சொல்கிறேன்.

கோட்டைக்கு ஒரு பின்னேரம் போனோம். மத்தியானத்தில் போக முடியாது, மதிலைத் தவிர உள்ளே ஒதுங்க இடமில்லை. போர்த்துக்கேயர் 1619இல் இராச்சியத்தைப் பிடித்துக் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலையாக இடித்துக் கட்டியது, இதெல்லாம் பலகையைப் பார்த்தும் கைபேசியைப் பார்த்தும் சொல்லலாம். பேத்தி நின்றது வேறு இடத்தில். மதிலில் உடைந்து வெளித் தெரிந்த ஒரு கல்லில் நகமளவு வட்டங்கள், வட்டத்துக்குள் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகள், கல் முழுக்க நெருக்கி நெருக்கி. விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதை ஆர் கீறினது?" என்று கேட்டாள். ஒருவரும் கீறவில்லை, முருகைக்கல், கடலுக்குள் உயிரோடு இருந்த சின்னப் பூச்சிகள் கட்டிய கூடு, அதை வெட்டி எடுத்துத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று சொன்னதும் பிள்ளை அரை மணித்தியாலம் அந்த மதிலைவிட்டு நகரவில்லை. கவர்னர்களின் பெயரைவிட அந்தக் கல் பெரிய கதை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அதுக்குள் சின்னம்மா, பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலம் ரீச்சர் கூட்டிவந்து காட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தைத் தேடத் தொடங்கிவிட்டார். 1706இல் கட்டியது, சண்டைக்குள் அழிந்துபோனது. இங்கே வாசல், இந்தப் பக்கம் நிலத்தில் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள், எங்களுக்கு மிதிக்கப் பயம், ரீச்சர் மிதிக்கலாம் என்றா என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கிறேன், வேறு இரண்டு குடும்பங்கள் சத்தமில்லாமல் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒருவர் லண்டன்காரர், மற்றது கிளிநொச்சியில் இருந்து வந்த குடும்பம். சின்னம்மாவும் விட்டாரா, குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அந்த இரண்டு குடும்பத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஆள் வருகிறார், தெற்கிலிருந்து வரும் பஸ்ஸோடு சிங்களத்தில் சொல்ல ஆள் வருகிறார், தமிழ்ச் சனத்துக்குத் தமிழில் சொல்லத்தான் ஒருவரும் இல்லை, எங்களுக்கு எல்லாம் தெரியும்தானே என்ற நினைப்பில். தெரியாது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இளைப்பாறிய வாத்திமார் ஊருக்குள் எத்தனை பேர் கதைக்க ஆளில்லாமல் பேப்பரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள்! பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிற பிள்ளைகள் லீவில் கைச்செலவுக்கு என்ன செய்யலாம் என்று திரிகிறார்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு கட்டணத்தையும் பகிரங்கமாக எழுதிப் போட்டு, பின்னேரத்தில் கோட்டை வாசலில் நிற்க விட்டால் போதும். உடனே கைபேசிக்கு ஒரு ஆப் செய்வோம் என்று மட்டும் வெளிக்கிட்டுவிடாதீர்கள். முன்னரும் இப்படித் தொடங்கிய விசயங்கள் திறப்புவிழாவோடு நின்றிருக்கின்றன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. அது படிக்கிற இடம், பார்க்க வருகிறவரைக் கட்டுப்படுத்துவது சரி. சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் தலைக்கு மேல் நின்று நாங்கள் படம் எடுக்கக் கூடாது. ஆனால் பேத்தி சரசுவதி சிலைக்கு முன்னால் நின்று கேட்டது, எல்லாமே புதிதாக இருக்கிறதே, எரிந்தது எங்கே என்று. நியாயமான கேள்வி. 1933இல் க. மு. செல்லப்பா வீட்டில் புத்தகம் சேர்க்கத் தொடங்கியது, 1959இல் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் திறந்தது, 1981 ஜூன் முதலாந் திகதி விடியமுன் 97,000 அளவு புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலானது, தூரத்தில் நின்று தீயைப் பார்த்த கத்தோலிக்கக் குருவான தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியில் உயிர்விட்டது, இவ்வளவையும் மதகில் இருந்து சின்னம்மா சொல்ல, பிள்ளை வாயைத் திறக்காமல் கேட்டது. பேத்தியோடு சின்னம்மா போல ஒருவர் வந்தால் சரி. வராத பிள்ளைகளுக்கு? வாசிக்கிறவருக்கு இடைஞ்சலில்லாமல் வாசலோடு சேர்த்து, ஒரு பிள்ளை தனியாக நின்று பார்த்து விளங்கிக்கொள்ளக் கூடிய மாதிரி நாலு படமும் ஒரு பக்கம் எழுத்தும் வையுங்கள்.

அடுத்தது வலிகாமம். நிலாவரை, மாவிட்டபுரம், கீரிமலை என்று ஒரே நாளில். இந்த வழியில் பிள்ளைக்குச் சொல்ல எங்களிடம் இருக்கிற நல்ல கதை தண்ணீர்க் கதை. மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் இந்தக் குடாநாட்டில் ஆறில்லை. கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணி கல்லுக்குள்ளால் இறங்கி, கடல் உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். கல்லின் மேல்மூடி இடிந்து விழுந்த இடம் நிலாவரை. அதனால்தான் அங்கே மேலே நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உப்பு. அந்த நிலத்தடித் தண்ணி கடற்கரையில் வெளிவருகிற இடம் கீரிமலை. கடல் வந்து மதிலில் அடிக்கிறது, மதிலுக்கு இந்தப் பக்கம் கேணியில் நாங்கள் நன்னீரில் குளிக்கிறோம். நிலாவரையில் இராமர் அம்பு விட்டதும் கீரிமலையில் மாருதப்புரவீகவல்லி என்ற இளவரசியின் குதிரைமுகம் மாறியதும் இருக்கட்டும், அந்தக் கதைகள் இல்லாமல் எங்களுக்கு அந்த இடங்களே இல்லை. ஆனால் தண்ணீர்க் கதையையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் வந்து நிற்கிறவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை சவரைத் திறந்துவிட்டுக் குளிக்கிற தண்ணி இந்த வரட்சியில் எங்கே இருந்து வருகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

இவ்வளவு தண்ணீர்க் கதையும் சொல்லிக்கொண்டு போன அன்றைக்குத்தான் கவனித்தேன், சின்னம்மாவின் போத்தல் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, சீனி வருத்தக்காரர், வெயில் கொளுத்துகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். குரலைத் தணித்து, "குடிச்சால் போக வேணுமே பிள்ளை, எங்க போறது?" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன எழுத? கக்கூஸ் இல்லை என்று சொல்லவில்லை. சில இடத்தில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, திறப்பு வைத்திருக்கிறவர் சாப்பிடப் போய்விட்டார். சில இடத்தில் திறந்திருக்கிறது, உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வருகிறார். ஒன்றில் கதவுக்குக் கொளுக்கி இல்லாமல் நான் வெளியே காவல் நின்றேன். ஆண்கள் பனை மறைவில் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள், ஆகவே திட்டம் போடுகிற கூட்டத்தில் இது ஒரு விசயமாகவே வருவதில்லை என்பது என் ஊகம். கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

(காங்கேசன்துறைப் பக்கம் போகும்போது சின்னம்மா ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு முட்கம்பி வேலிக்கு அப்பால் நின்ற பனங்கூடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடப் படித்த சிநேகிதியின் காணி, இன்னும் படையிடம்தான் இருக்கிறது. அது உங்கள் துறை இல்லை என்று தெரியும். வெளிநாட்டில் இருந்து வருகிற எத்தனையோ குடும்பத்தின் சுற்றுலாவில் அப்படி ஒரு வேலியும் ஒரு இடம் என்பதை அறிந்து வைத்திருங்கள் என்பதற்காக எழுதினேன்.)

வடமராட்சியில்தான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் அங்கே குறை இருந்தது இல்லை, ஒரு நல்ல இடத்தைக் கண்டது. பருத்தித்துறையில் தெருமூடிமடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரு நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல்தூண்கள், தெருவையே மூடிக்கொண்டு மேலே கூரை. நடந்தும் வண்டியிலும் வந்த சனம் படுத்து எழும்பிப் போகக் கட்டியது. வெயிலுக்குள் இருந்து அதற்குள் நுழைந்ததும் பேத்தி திண்ணையில் ஏறித் தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிவிட்டாள். கல் குளிர்ந்திருந்தது. வாங்கி வைத்திருந்த பருத்தித்துறை வடைச் சரையைப் பிரித்து மூன்று பேரும் கடித்துக்கொண்டு, கடலில் இருந்து வருகிற காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தோம். சைக்கிளில் போன ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எங்களுக்கு நடுவால் போனார். ஒருவரும் ரிக்கற் கேட்கவில்லை, எழும்பு என்று சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் இந்த ஊர்ச் சனம் வழிப்போக்கருக்கு என்ன செய்து வைத்தது என்று பாருங்கள். படுக்க மடம். குடிக்கக் கிணறும் கேணியும். தலைச்சுமையை ஒருவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்றச் சுமைதாங்கி. வண்டி மாடு முதுகு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல். மாட்டுக்கு முதுகு அரிக்கும் என்று யோசித்துக் கல் நட்ட ஊர் இது! அவர்களிடம் சுற்றுலாக் கொள்கை இருக்கவில்லை, செயலமர்வு இருக்கவில்லை. வழியில் போகிறவருக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்தார்கள். நயினாதீவில் இலை போடுகிறவர்களும், செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பக்தருக்குச் சோறு போடுகிற மடக்காரரும் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள். வழிவழியாக வந்த அந்தப் பழக்கம் உங்கள் திட்ட அறிக்கைக்குள் மட்டும் எப்படி வராமல் போனது?

முடியாது என்று சொல்லாதீர்கள். நல்லூரில் முடிகிறது. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறினால் அன்றிலிருந்து 25 நாளும் எந்த நேரம் எந்தப் பூசை, எந்த நேரம் சுவாமி வெளியில் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மணி அடித்தால் அடித்ததுதான், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் காத்திருக்க மாட்டாது. அர்ச்சனைக்கு ஒரு ரூபா. மாநகரசபை வீதியை மூடி மண் பரப்புகிறது, விடியற்காலையில் ஆண்கள் அந்த மண்ணில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறார்கள், பெண்கள் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறார்கள், வெறுங்காலோடு ஆயிரக்கணக்கில் சனம் நடக்கிறது. மூலைக்கு மூலை தண்ணீர்ப் பந்தல், மோரும் சர்க்கரைத் தண்ணியும். பிள்ளை தவறினால் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். எங்கள் பேத்தி சனத்துக்குள் எங்களை விட்டுவிட்டுக் கச்சான் கடைப் பக்கம் போய், பிறகு பயப்படாமல் தானே வழி கேட்டு ஐஸ்கிறீம் கடையடிக்கு வந்து சேர்ந்தாள். ஊர் முழுக்க அவளுக்கு விளங்கிய ஒரே இடம் அதுதான், அதுவும் ஊரிலேயே சனம் கூடிய நாளில். கோயிலும் சபையும் தொண்டர்களும் சேர்ந்து 25 நாள் செய்வதில் பத்தில் ஒரு பங்கை, குறிகட்டுவானிலும் கோட்டையிலும் கீரிமலையிலும் மற்ற நாட்களில் செய்ய முடியாதா?

நான் கேட்பவை பெரிய விசயங்கள் இல்லை. பஸ் நிலையத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். கடைசி பஸ் இருட்ட முன்னரே போய்விடுகிறது என்ற விசயம் வல்வெட்டித்துறையில் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஓட்டோவுக்கு இன்ன இடத்துக்கு இன்ன காசு என்று இருந்தால் சின்னம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து விலை கூடாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கக்கூஸ், ஒரு கூலி ஆள், கதவுக்குக் கொளுக்கி. காசு வாங்குங்கள், தருகிறோம், ஆனால் திறந்து வையுங்கள். நிழலுக்குக் கொங்கிறீற் குடை வேண்டாம், வேம்பு நடுங்கள், அது இந்த மண்ணில் கேட்காமலே வளரும். இதெல்லாம் வெளிநாட்டில் இருந்து வருகிறவருக்கு என்று நினைத்துக்கூடச் செய்யுங்கள், பரவாயில்லை. அவர் ஆவணி முடியப் போய்விடுவார், பலகையும் கக்கூஸும் வேம்பும் எங்களுக்கு மிஞ்சும்.

சின்னம்மாவும் பேத்தியும் போய்விட்டார்கள். குதிரை பார்க்கவில்லை. அடுத்த கோடைக்குச் சின்னம்மாவின் மகன் குடும்பமாக வருகிறாராம், அதில் ஒன்று கைக்குழந்தை, நெடுந்தீவு கட்டாயம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலில் அந்த நேரப்பலகை. கடைப் பலகை எழுதுகிற ஓவியர் ஒருவரை எனக்குத் தெரியும், எழுத்து நல்ல வடிவாக இருக்கும். பலகைக்கும் பெயின்ற்றுக்கும் ஆகிற செலவை நான் தருகிறேன். எத்தனை மணிக்குப் படகு என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.